கோரமண்டல்: கப்பலில் இருந்து வைத்த பெயர்

சென்னை முருகப்பா குழுமத்தில் கடன் கொடுக்கும் நிறுவனத்துக்குப் பெயர் சோழமண்டலம். உரம் விற்கும் நிறுவனத்துக்குப் பெயர் கோரமண்டல். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பிக்கு ஒரே பெயரை இரண்டு விதமாக வைத்தது போல இருக்கிறது. நகரத்தின் தெற்கே, ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில், 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் ஓவியர்களைச் சேர்த்துக்கொண்டு உருவாக்கிய கலைக் கிராமத்தின் பெயர் சோழமண்டல். ஹவுராப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வரும் ரயிலோ கோரமண்டல் எக்ஸ்பிரஸ். 2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவின் பாலேசுவரம் அருகே நடந்த கோர விபத்துக்குப் பிறகு, அந்தப் பெயரைக் கேட்டாலே பலருக்கும் நினைவு வருவது அந்த ரயில்தான்.

'சோழமண்டலம்' என்பதை வெள்ளைக்காரன் வாயில் போட்டு மென்று 'கோரமண்டல்' ஆக்கிவிட்டான் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அது சரிதான். ஆனால் அதில் பாதிக் கதைதான் இருக்கிறது. சொல் எப்படித் திரிந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்; அந்தச் சொல் குறித்த நிலம் எவ்வளவு தூரம் நகர்ந்து போனது என்பதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்த இரண்டாவது கேள்விதான் சுவாரசியமாகப் படுகிறது.

முதலில் ஒலிக் கதை. ழகரம் அயலாரிடம் மாட்டிக்கொண்டு பட்ட பாடு நீளமானது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலநூலில் காவிரி முகத்தில் 'கபேரிஸ்' என்ற வணிகத் துறை வருகிறது. 'சோரா' என்ற பெயரும், 'சோர்நாகோஸ்' என்ற அரசனும் வருகிறார்கள். ஆகக் கிரேக்கக் காதுக்கு அப்போதே ழகரம் ரகரமாகக் கேட்டிருக்கிறது. சீனர்கள் வேறு விதமாகக் கேட்டார்கள். 1015-இல் ராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு சீனத் தலைநகரை அடைந்ததைப் பதிவுசெய்த சோங் வம்சத்து ஆவணங்கள் சோழ நாட்டை 'சூ-லியன்' என்கின்றன. இங்கே ழகரம் லகரமாகிவிட்டது. மலாய்க் கரையிலும் லகரம்தான். அங்கே போய் வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்கள் 'சூலியா' ஆனார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இன்றைக்கும் சூலியா தெரு இருக்கிறது. சோழன் பெயர் தெருப்பலகையில் நிற்கிற இடம் தஞ்சாவூர் மட்டுமல்ல.

போர்த்துகீசியர் வந்தபோது மறுபடி ரகரம். 1510-இல் அச்சான தன் பயணநூலில் போலோன்யா நகரத்து இத்தாலியர் லுதோவிகோ தி வர்த்தேமா இந்தக் கரையைக் குறிக்கும்போது, இத்தாலிய எழுத்துமுறைப்படி படித்தால் 'சோரமண்டெல்' என்று ஒலிக்கும்படி எழுதியிருக்கிறார். அடுத்த சில ஆண்டுகளில் எழுதிய போர்த்துகீசிய அதிகாரி துவார்த்தே பர்போசாவிடம் அது 'சாரமண்டெல்'. இரண்டு பேருக்கும் முதலெழுத்து சகரம்தான். அந்த ஒலியைக் காட்டப் போர்த்துகீசியர் எழுதியது 'சி-எச்' என்ற இரட்டை எழுத்து. அதையே இத்தாலியர் ககரமாகப் படிப்பார்கள். ஏட்டில் இருந்து ஏட்டுக்கும், படத்தில் இருந்து படத்துக்கும் பெயரைப் பார்த்து எழுதியவர்கள் கரைக்கு வந்து காதால் கேட்டவர்கள் இல்லை. போகப் போக எச்-சும் உதிர்ந்தது. சோரமண்டல் கோரமண்டல் ஆனது. காது செய்த பிழை சிறியது, கண் செய்த பிழைதான் பெரியது.

இந்த விளக்கத்துக்குப் போட்டியாளர்களும் உண்டு. சோளம் விளையும் மண்டலம் என்றார்கள். குரு மண்டலம் என்றார்கள். இவற்றில் கொஞ்சம் வலுவாகத் தோன்றியது ஒன்றே ஒன்று: பழவேற்காட்டுக்கு அருகே கரிமணல் என்று ஒரு ஊர் இருக்கிறது. சென்னையில் இருந்த ஐரோப்பியர் அந்த ஊர்ப் பெயரையே கோரமண்டல் என்று உச்சரித்து வந்தார்கள். ஆகவே கரிமணல்தான் மூலம் என்று கால்டுவெல் தன் ஒப்பிலக்கணத்தின் 1856-ஆம் ஆண்டு முதற்பதிப்பில் கருதினார். 1875-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதைக் கைவிட்டுச் சோழமண்டலத்தை ஏற்றுக்கொண்டார். கரிமணல் என்று வைத்துக்கொண்டால் வர்த்தேமாவும் பர்போசாவும் சகரம் எழுதியதற்குக் காரணம் சொல்ல முடியாது. வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் கரிமணல் கதைக்கு ஒரு கவர்ச்சி இருக்கத்தான் செய்கிறது. இந்தக் கரையில் நடந்தவர்களுக்குத் தெரியும்: அலை வந்து திரும்பும் விளிம்பில், வெளுத்த மணலின் மேல் மையைக் கொட்டி இழுத்தது போல கறுப்புப் பட்டைகள் கிடக்கும். இல்மனைட் முதலான கனத்த தாதுக்களை அலையே புடைத்து ஒதுக்கி வைத்த கோடுகள் அவை. சில இடங்களில் கார்னெட் கலந்து செம்மை தட்டும். பெயருக்கு மூலமாக இல்லாவிட்டாலும், கரைக்குப் பொருந்துகிற பெயர்தான் கரிமணல்.

இப்போது நிலத்துக்கு வருவோம். சோழமண்டலம் என்பது கடற்கரையின் பெயரே அல்ல. அது ஆட்சிப் பிரிவின் பெயர். ராஜராஜன் காலத்தில் நாடுகளைத் தொகுத்து வளநாடு, வளநாடுகளைத் தொகுத்து மண்டலம் என்று அடுக்கினார்கள். வென்ற நாடுகளுக்கும் அந்த முத்திரையே குத்தப்பட்டது. தொண்டைநாடு ஜயங்கொண்ட சோழமண்டலம் ஆனது. ஈழம் மும்முடிச் சோழமண்டலம் ஆனது. பாண்டிநாடு ராஜராஜப் பாண்டிமண்டலம். அடைமொழி இல்லாமல் வெறும் சோழமண்டலம் என்றால் அது காவிரிப் படுகை: நிலவரி, நீர்ப்பங்கு, பிரமதேயம், நெல் என்று கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயலைப் பார்க்கும் சொல்.

அதன் எல்லையைப் பழைய தனிப்பாடல் ஒன்று தெளிவாக வரைகிறது. கிழக்கே கடல், மேற்கே கோட்டைக்கரை, வடக்கிலும் தெற்கிலும் வெள்ளாறு, பரப்பு 24 காதம். வெள்ளாறு இரண்டு என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். வட வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. தென் வெள்ளாறு புதுக்கோட்டைச் சீமையைக் கடந்து மணமேல்குடிப் பக்கம் கடலை அடைகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கரைதான் கணக்குப்படி சோழர் கரை. சோழ அரசு பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒழிந்த பிறகும் இந்தப் பெயர் ஒழியவில்லை. நாயக்கர் காலத்திலும் மக்கள் வாயில் அது நாட்டுப் பெயராகவே இருந்தது. ஆத்மநாத தேசிகர் சோழமண்டல சதகம் பாடியது பதினேழாம் நூற்றாண்டில். அதாவது, போர்த்துகீசியர் கரைக்கு வந்தபோது 'இது என்ன நாடு' என்று கேட்டிருந்தால், நாகப்பட்டினத்திலோ பரங்கிப்பேட்டையிலோ கிடைத்திருக்கக்கூடிய பதில் இதுதான்.

ஆனால் கப்பல்காரர்களின் கோரமண்டல் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது? தெற்கே கோடிக்கரையில் தொடங்கியது. கோடிக்கரைக்குத் தெற்கே இருந்த சோழநாட்டுக் கரை அவர்கள் கணக்கில் இல்லை. அதற்கப்பால் முத்துக் குளிக்கும் கரை வேறு பெயர் பெற்றது. வடக்கிலோ பரங்கிப்பேட்டையோடு நிற்காமல் கிருஷ்ணை முகம் வரை ஓடியது. டச்சுக்காரர்கள் கோரமண்டல் என்று எழுதிய ஆட்சிப்பகுதியில் மசூலிப்பட்டினமும் அடக்கம். அவர்களுடைய கோரமண்டலின் தலைமையிடம் 1690 வரை பழவேற்காடு. தொண்டைநாட்டு வடகோடியில், தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஏரிக்கரையில், சோழமண்டலத் தலைநகரம்! ராஜராஜனுடைய வரிக்கணக்கர் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

ஏன் இப்படி நீண்டது? காரணம் கரையின் அமைப்பிலேயே இருக்கிறது. கடலில் நின்று பார்ப்பவனுக்கு இந்தக் கரை எல்லாமே ஒன்றுதான். மேற்குக் கரையில் மலை கடலோடு ஒட்டி நிற்கும். குடாவும் முனையும் கழிமுகமுமாக இடத்துக்கு இடம் அடையாளம் இருக்கும். இங்கே தட்டையான மணற்கோடு, அதன் மேல் பனைகளின் வரிசை, அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஆறுகள் உண்டு, ஆனால் ஆண்டில் பெரும்பகுதி அவற்றின் முகத்துவாரம் மணல் அடைத்துக் கிடக்கும். மாலுமிகள் கோபுரங்களைப் பிடித்துக்கொண்டுதான் வழி கண்டுபிடித்தார்கள். மாமல்லபுரம் அவர்களுக்கு ஏழு கோயில். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் பெயரால் எழுந்த சூடாமணி விகாரத்தின் எச்சமான செங்கல் கோபுரம், புத்தர் வழிபாடு நின்று பல நூற்றாண்டுகளுக்குப் பிறகும் கப்பல்களுக்குக் கைகாட்டி நின்றது. 'சீனக் கோபுரம்' என்று கப்பல்காரர்களும், 'புதுவெளிக் கோபுரம்' என்று ஊர்க்காரர்களும் சொன்ன அதை 1867-இல் இடித்துவிட்டார்கள்.

இயற்கைத் துறைமுகம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லாத கரை இது. கப்பல் அரை மைல், ஒரு மைல் தள்ளி நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் ஏறி அலையைக் கடக்க வேண்டும். மசூலாவில் ஆணியே கிடையாது. பலகையோடு பலகையைத் தேங்காய்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். தையல் வழியில் நீர் கசியாமல் வைக்கோல் திணித்திருப்பார்கள். அலை தூக்கித் தரையில் அடிக்கும்போது ஆணி அடித்த படகு பிளக்கும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். துணிச்சலான செய்திக்காரர்கள் கட்டுமரத்தில் போனார்கள். மரங்களைச் சேர்த்துக் கட்டும் இந்த வழக்கம் எவ்வளவு பழையது என்றால், முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமியின் கையேடான பெரிப்ளூஸ், இந்தக் கரையின் கமரா, பொதுகே, சோபத்மா துறைகளைச் சொல்லும் இடத்திலேயே, ஒற்றை மரத் தோணிகளைப் பிணைத்துச் செய்த 'சங்கரா' என்ற பெரிய கலங்களையும் சொல்கிறது. பொதுகேயை அரிக்கமேடு என்று அடையாளம் காண்கிறார்கள்.

காற்றும் இந்தக் கரைக்குத் தனி. மற்ற இடங்களில் மழை தென்மேற்கில் இருந்து வரும். இங்கே ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு வருகிறது. அந்த மாதங்களில் நங்கூரத்தை நம்பி நிற்பது தற்கொலை. 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, அக்டோபர் பாதியிலும் கப்பல்களைக் கரைமுன் நிறுத்தி வைத்திருந்தார். ஒரே இரவுப் புயலில் அவருடைய கடற்படை சின்னாபின்னமானது. ஆங்கிலேயர் திருப்பி அடிக்காமலே பாதி வேலையை வாடை முடித்துக் கொடுத்தது. கற்சுவர் எழுப்பிச் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கியபோதும் 1881 நவம்பர்ப் புயல் அதை அடித்து உடைத்தது. மறுபடி கட்டினார்கள். வடக்கு நோக்கி நகரும் கரையோர மணல் சுவரில் முட்டித் தெற்கே தேங்க ஆரம்பித்தது, மெரினா அகன்றது. சுவருக்கு வடக்கே மணல் வராமல் ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. நாம் காற்று வாங்கும் மணல் வடசென்னைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது.

துறைமுகமும் இல்லை, புயலும் உண்டு. அப்படியிருந்தும் போர்த்துகீசியர், டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று ஐந்து தேசத்தார் ஏன் இங்கே வந்து குவிந்தார்கள்? துணிக்காக. ஜாவாவிலும் மொலுக்காஸ் தீவுகளிலும் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் விற்றவர்கள் வெள்ளியைவிட இந்தக் கரைத் துணியை விரும்பினார்கள். கோரமண்டல் இல்லாமல் மொலுக்காஸ் வணிகம் இல்லை, அது இடது கை போல என்று டச்சுக் கம்பெனியின் ஹென்ட்ரிக் பிரவுவர் தன் மேலிடத்துக்கு எழுதினார். அந்தத் துணியின் சிவப்பு வந்தது கரை மணலில் இருந்தே. இம்பூறல் என்றும் சாயவேர் என்றும் சொல்லப்படும் செடி, புல்லோடு புல்லாகத் தரையை ஒட்டிப் படரும். யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். ஆனால் மணலுக்குள் இறங்கும் வேர், நூல் மாதிரி மெலிந்து நீண்டிருக்கும். அதன் தோலில்தான் சாயம். கடுக்காயிலும் பாலிலும் தோய்த்து, படிகாரம் ஏற்றிய துணியை அந்த வேர்ச்சாறில் கொதிக்கவிட்டால் சிவப்பு ஏறும். பிறகு வெயிலும் சோப்பும் அதை எளிதில் அசைக்க முடியாது. மணல் தடுத்த கப்பல்களை மணலில் விளைந்த வேரே இழுத்துக்கொண்டு வந்தது.

துணியோடு பெயரும் ஏற்றுமதியானது. அதற்குப் பிறகு அதைக் கட்டுப்படுத்த ஆளில்லை. சீனாவில் செய்த அரக்குப் பூச்சு மடிப்புத் திரைகள் இந்தக் கரை வழியாகக் கப்பலேறியதால் ஐரோப்பாவில் 'கோரமண்டல் திரை' ஆயின. இங்கே யாரும் அவற்றைச் செய்ததில்லை. இயற்கை அறிஞர்களும் தாராளமாகவே பயன்படுத்தினார்கள். லின்னேயசின் மாணவர் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து செடி சேர்த்தார். வில்லியம் ராக்ஸ்பரோ கோதாவரிப் பக்கம் சாமல்கோட்டில் இருந்துகொண்டு, உள்ளூர் ஓவியர்களை வைத்து வரைந்த 300 படங்களுடன் 'கோரமண்டல் கரைச் செடிகள்' என்ற மூன்று பெரிய தொகுதிகளை வெளிவரச் செய்தார். 1795-இல் தொடங்கி 1820-இல் முடிந்த வேலை. நம் ஏரிகளில் மிதக்கும் குள்ளத்தாராவின் அறிவியல் பெயரிலும் கோரமண்டல் இருக்கிறது. மால்வாஸ்ட்ரம் என்ற சாலையோரக் களைச்செடியின் பெயரிலும் இருக்கிறது. அந்தச் செடியின் தாயகமோ அமெரிக்கா.

இவற்றை விடத் தொலைவு போனது ஒரு கப்பல். 1798-இல் கல்கத்தாவில் கட்டிய அதை 1804-இல் பிரிட்டிஷ் கடற்படை வாங்கி 'மலபார்' என்று பெயர் வைத்தது. 1815-இல் அதே கப்பலை 'கோரமண்டல்' என்று மாற்றியது. பெயர்ப்பலகையை மாற்றியே மேற்குக் கரையைக் கிழக்குக் கரை ஆக்கிவிட்டார்கள். 1820-இல் பாய்மரத் தண்டுக்குக் கவுரி மரம் வெட்ட அது நியூசிலாந்துக்குப் போய் நின்ற துறைக்கும், பிறகு அந்தத் தீபகற்பம் முழுமைக்கும் கோரமண்டல் என்று பெயர் ஏற்பட்டது. மாவோரிகள் அதைத் தங்கள் தொன்மத்து மாவுயியின் மீனுக்கு முள்ளாகக் கருதி முன்பே பெயரிட்டிருந்தார்கள். நமக்கு நடந்ததுதான் அவர்களுக்கும்: கரையில் இருந்தவனிடம் பெயர் இருந்தது, கப்பலில் வந்தவன் படம் வரைந்தான். அதே நியூசிலாந்தில், வேறு ஒரு பகுதியில், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக வைத்திருந்த உடைந்த வெண்கல மணி ஒன்றை வில்லியம் கொலன்சோ என்ற பாதிரியார் கண்டார். அதில் முகைதீன் வக்குசு என்பவரின் கப்பல் மணி என்று தமிழில் பொறித்திருக்கிறது. இப்போது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழனின் மணி கிழங்கு வேகவைத்தது. தமிழ்ப் பெயரோ தீபகற்பம் ஆனது.

இத்தனை இருக்க, கரையில் இருந்தவர்கள் இந்தக் கரையை என்னவென்று அழைத்தார்கள்? ஒரே பெயரால் அழைக்கவில்லை என்பதே உண்மை. பட்டினம், பாக்கம், பாடி, குப்பம், துறை என்று ஊருக்கு ஒரு பெயர் இருந்தது. வாடை, கொண்டல், கச்சான் என்று வீசும் திசைக்கு ஒரு பெயர் இருந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கிருஷ்ணை முகம் முதல் கோடிக்கரை வரை ஒரே கோடாகப் பார்க்க வேண்டிய தேவை தூரத்தில் இருந்து வருபவனுக்கே உண்டு. அரபு மாலுமிகளும் அப்படித்தான் 'மாபர்', கடக்கும் இடம், என்று ஒரு பெயர் வைத்தார்கள். மார்க்கோ போலோ அதையே எழுதினார். போர்த்துகீசியர் வந்து அதை அழித்துத் தங்கள் பெயரை எழுதினார்கள்.

ஆகவே, கோரமண்டலை அடித்துவிட்டுச் சோழமண்டலக் கடற்கரை என்று எழுதினால் பழம்பெயரை மீட்டுவிட்டோம் என்ற நினைப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. நாகப்பட்டினத்துக்கும் பூம்புகாருக்கும் அது பொருந்தும். புதுச்சேரியிலேயே தடுமாறும். மரக்காணம் அருகே புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டில், இந்தக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் காசாவும் வீரையுமாக நெருங்கி நிற்கிறது. அந்த மண் தொண்டைநாட்டு மண். பழவேற்காட்டுக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் சோழமண்டலம் என்று பெயர் சூட்டுவது ராஜராஜனே செய்யாத ஆக்கிரமிப்பு. அவன்கூட 'ஜயங்கொண்ட' என்று ஒரு அடைமொழி சேர்த்தான்.

பாடநூல் எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். இரண்டு வெள்ளாறுகளுக்கு நடுவில் உள்ள கரையைச் சோழமண்டலக் கரை என்று எழுதுங்கள். ஐரோப்பியக் கம்பெனிகளின் வணிகம், துணி, கோட்டைகள் பற்றி எழுதும்போது கோரமண்டல் என்றே எழுதுங்கள், அது அவர்கள் வைத்த பெயர் என்ற ஒரு வரியோடு. இரண்டும் ஒரே இடம் அல்ல.